கோச் மாறினால் போதுமா?

இந்த மாசம் கொஞ்சம் ஃபுட்பால் பேசலாம். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கிட்டு ஓடுறாங்களே, அது. விதிகள் தெரியலைன்னாலும் பரவாயில்லை. கதை பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் புரியும்.

இந்தியானா பல்கலைக்கழக அணி 2023-ல் 12 ஆட்டம் ஆடி மூணுதான் ஜெயிச்சது. மொத்தத் தோல்விக் கணக்கில் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்த அணி. கோச்சை அனுப்பிட்டு, நவம்பர் கடைசியில் கர்ட் சிக்னெட்டியைக் கொண்டு வந்தாங்க. வயசு 62. அடுத்த சீசனில் வரிசையா 10 வெற்றி! நெப்ராஸ்காவை 56-7, பர்டூவை 66-0. கடைசியில் 11 வெற்றி, 2 தோல்வி. அணியின் வரலாற்றில் அதுவரை ஒரு சீசனில் 10 வெற்றிகூட வந்ததில்லை.

"பாத்தியா, நல்ல வாத்தியார் கிடைச்சா எல்லாம் மாறிடும்"னு சொல்லி முடிச்சிடத் தோணும். ஆனா விஷயம் அவ்வளவு லேசு இல்லை. சிக்னெட்டி தான் முன்னாடி இருந்த ஜேம்ஸ் மேடிசன் அணியிலிருந்து 13 பேரைக் கூடவே அழைச்சிட்டு வந்தார். முக்கியமான குவாட்டர்பேக் இடத்துக்கும் வெளியிலிருந்துதான் ஆள் வந்தார். இப்போ கல்லூரி மாத்தி ஆடுறது சுலபமாயிடுச்சு.

இதைச் சொன்னப்போ என் பையன் கேட்டான்: "அப்போ அந்த ஜேம்ஸ் மேடிசன் டீம் என்னப்பா ஆச்சு?"

நல்ல கேள்வி. கோச்சும் போயாச்சு, நல்ல ஆட்டக்காரங்களும் போயாச்சு. மிச்சம் இருந்த பசங்க வேற புது கோச்சோட ஆடி, அதே 2024-ல் 9 ஆட்டம் ஜெயிச்சாங்க. சீசன் முடிவில் ஒரு பௌல் ஆட்டத்தையும் ஜெயிச்சாங்க. தலைப்புச் செய்தி இந்தியானாவுக்கு. எனக்கு என்னவோ இந்தப் பசங்க கதைதான் மனசில் நிக்குது.

நம்மில் பல பேர் வேலைக்காக ஊர் மாறுறோம். பிள்ளைங்களுக்கு ஸ்கூல் மாறுது. பழகின டீச்சரும் நண்பர்களும் ஒரே நாளில் இல்லாம போறாங்க. சில சமயம் நாம போறோம், சில சமயம் அவங்க உயிர்த் தோழன் வேற ஊருக்குப் போறான். போற பிள்ளைக்கு நாம நிறைய தைரியம் சொல்றோம். விட்டுட்டுப் போகப்பட்ட பிள்ளைக்கு "வேற ஃப்ரெண்ட் கிடைப்பான்"ங்கிற ஒத்தை வரியோட நிறுத்திடறோம். அவனுக்கும் அது ஒரு புது சீசன்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேணும்.

இன்னொண்ணு. சிக்னெட்டி 2011-ல் அலபாமா மாதிரி பெரிய அணியின் உதவி கோச் வேலையை விட்டுட்டு, இரண்டாம் நிலைப் பிரிவில் இருந்த சின்னக் கல்லூரிக்குத் தலைமை கோச்சா போனார். அங்கிருந்து இந்தியானா வர 12 வருஷத்துக்கு மேல ஆச்சு. 25 வயசுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடணும்னு வீட்டில் அவசரப்படுறப்போ, இதையும் ஒருமுறை நினைச்சுக்கலாம்.