டேங்கர் கவிழ்ந்தால் தகவல் சொல்வது யார்?

நாமக்கல் என்றதும் ஊருக்கு முட்டை ஞாபகம் வரும். லாரிக்காரர்களுக்கு டேங்கர்தான் ஞாபகம் வரும். தென் மாநிலங்களில் ஓடும் கேஸ் டேங்கர்களில் பெரும்பகுதி நாமக்கல் வட்டாரத்து முதலாளிகளுடையது. 2025 மார்ச் கடைசியில் டெண்டர் விதிகளை எதிர்த்து இந்த வண்டிகள் ஸ்டிரைக்கில் இறங்கியபோது, சிலிண்டருக்குத் தட்டுப்பாடு வருமோ என்று பல மாநிலங்களில் கவலைப்பட்டார்கள். ஆகவே இது நம்ம ஊர் சமாசாரம்.

ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் டிரைவர் உடனே பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கும் முதலாளிக்கும் தகவல் கொடுக்க வேண்டும். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 136-வது விதி இது.

சரி. டிரைவரே அடிபட்டு மயங்கிக் கிடந்தால்? அந்த விதியில் பதில் இல்லை!

பெட்ரோல், டீசலுக்கு 1934-ம் ஆண்டு பெட்ரோலியம் சட்டமும் இருக்கிறது. தீப்பிடித்தோ வெடித்தோ உயிர்ச்சேதம், பலத்த காயம், பெருத்த பொருள் சேதம் ஏற்பட்டால் உடனே அறிவிக்கச் சொல்கிறது. வால்வு ஒழுகி, சோப்பை அப்பி அடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டால்? அது இந்தக் கணக்கில் வராது. ஆனால் இன்று ஒழுகிய வால்வுதானே நாளைக்குத் தீப்பிடிக்கும்!

அமெரிக்காவில் பெரிய விபத்தென்றால் 12 மணி நேரத்துக்குள் போனில் சொல்லியாக வேண்டும். 30 நாளில் எழுத்து மூலம் அறிக்கையும் தர வேண்டும். சரக்கு வெறுமனே கசிந்தாலும் அறிக்கை உண்டு. எழுதுவது டிரைவர் அல்ல, கம்பெனி.

2012 ஆகஸ்டில் கேரளா கண்ணூர் அருகே சாலாவில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்தது. 20 பேர் செத்தார்கள். 2025 ஜனவரி 3-ல் கோவை உப்பிலிபாளையம் மேம்பாலத்தில் 18 டன் கேஸோடு டேங்கர் கவிழ்ந்தது. தகவல் உடனே போனது. தீயணைப்புப் படை தண்ணீர் பீய்ச்சியது. பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். கசிவை அடைத்தார்கள். ஒரு உயிர் போகவில்லை! சீக்கிரம் தகவல் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவையே சாட்சி.

எனவே தகவல் சொல்லும் பொறுப்பை டிரைவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். முதலாளிக்கும் சரக்கு ஏற்றிவிடும் கம்பெனிக்கும் அதில் பங்கு வேண்டும். சின்னக் கசிவையும் பதிவு செய்ய வேண்டும். உள்ளதைச் சொன்ன டிரைவருக்கு வேலை போகக்கூடாது. கேபினில் வைக்கும் அவசரக் குறிப்பு அவருக்குப் படிக்கத் தெரிந்த பாஷையில் இருக்க வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. டேங்கர் கவிழ்ந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பீடி பற்றவைக்காதீர்கள். தள்ளி நின்று வண்டியில் எழுதியிருக்கும் நம்பரைப் பாருங்கள். 1075 என்றால் கேஸ், 1203 என்றால் பெட்ரோல். அதை 112-க்குச் சொல்லுங்கள். கேஸ் கசிவுக்கு 1906 என்ற நம்பரும் உண்டு.

தொப்பூர் இறக்கத்தில் தினமும் டேங்கர்கள் இறங்குகின்றன. சட்டத்தில் இருக்கும் ஓட்டையை அடைக்க, அங்கே ஒன்று வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? அதிகாரிகள் பதில் சொல்லட்டும்!