ஒரு காலை ஓட்டம் ஒரு பருவம் ஆகாது



கல்லூரி மாணவியரின் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் நம் பல்கலைக்கழகங்களில் நடத்தப்படும் முறையைக் கண்டித்து இதை எழுதுகிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே காலையில் நடந்து முடிகிறது. அதில் முன்னால் வரும் சிலரைக் கொண்டு பல்கலைக்கழக அணி அமைகிறது. அவர்கள் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் இன்னொரு முறை ஓடுவார்கள். மற்ற மாணவியருக்கு அந்த ஆண்டு அங்கேயே முடிகிறது. அன்றைக்கு ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றாலோ, மாதவிடாய் வலி என்றாலோ அவளுடைய ஓராண்டுப் பயிற்சி கணக்கில் வராது. விளையாட்டு ஒதுக்கீடும் கிரேஸ் மார்க்கும் சான்றிதழை நம்பியே இருக்கும்போது, ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அநீதி.

கிராஸ் கன்ட்ரி என்பது அடிப்படையில் அணி விளையாட்டு. உலகப் போட்டியில் ஒரு நாட்டுக்கு ஆறு பேர் வரை ஓடலாம். அவர்களில் முதல் நால்வர் பிடித்த இடங்களைக் கூட்டி, குறைந்த தொகை எடுத்த அணிக்கு வெற்றி தருகிறார்கள். ஒருத்தி முதலாவதாக வந்துவிட்டால் மட்டும் போதாது. நான்காவது ஆள் ஐம்பதாவது இடத்தில் வருகிறாளா, முப்பதாவது இடத்தில் வருகிறாளா என்பதில்தான் அணியின் தலையெழுத்து இருக்கிறது. புல்லும் சேறும் ஏற்றமும் இறக்கமுமான தடத்தில் கடிகாரத்துக்குப் பெரிய மதிப்பில்லை. கூட்டத்துக்குள் இடம் பிடிப்பதும், மேட்டில் மூச்சை அடக்கி ஓடுவதும், தோழிக்குப் பக்கத்தில் விட்டுவிடாமல் ஓடுவதும் திரும்பத் திரும்பப் போட்டியிட்டால்தான் கைவரும். அமெரிக்கக் கல்லூரிகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பல போட்டிகள் ஓடிய பிறகே தேசியப் போட்டி வருகிறது. கென்யாவில் தேசியப் போட்டிக்கு முன்பு வார இறுதித் தொடர் ஓட்டங்கள் நடக்கின்றன. அங்கெல்லாம் பருவம் என்று ஒன்று இருக்கிறது. இங்கே இருப்பது வெறும் தேர்வு.

இந்தக் குறையின் விளைவு மேல்மட்டம் வரை தெரிகிறது. 2017-இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் பாலக்காட்டின் பி.யு. சித்ரா 1500 மீட்டரில் தங்கம் வென்றார். இருந்தும் லண்டன் உலகப் போட்டிக்கான அணியில் அவர் சேர்க்கப்படவில்லை. அவர் ஓட்டத்தில் தொடர்ச்சி இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டும் பலன் கிடைக்கவில்லை. மேலே போனதும் தொடர்ச்சியைக் கேட்கும் அமைப்பு, கீழே கல்லூரியில் தொடர்ச்சியாக ஓட வாய்ப்புக் கொடுக்காதது எந்த நியாயம்? 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற இடுக்கியின் பிரீஜா ஸ்ரீதரனும், 2016 தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் எடுத்த புதுக்கோட்டையின் எல். சூர்யாவும் கேரளம், தமிழ்நாடு என்ற நம் இரு மாநிலங்களின் பெண்கள்தாம். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா இன்று தமிழ்நாடாக இருக்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அந்த எல்லைக் கோட்டை நாங்கள் தினமும் தாண்டுகிறோம். கல்லூரி விளையாட்டு மட்டும் தாண்டுவதில்லை. தனுவச்சபுரம் கல்லூரி கேரளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் சிறிது நேரப் பயணம்தான். ஆனால் இரு கல்லூரி மாணவியரும் ஒரே தடத்தில் ஓட வேண்டுமென்றால், இருவரும் தத்தம் பல்கலைக்கழக அணியில் தேறி அகில இந்தியப் போட்டிக்குப் போக வேண்டியிருக்கிறது.

பணமில்லை என்பார்கள். சின்தடிக் டிராக் போடத்தான் கோடிக்கணக்கில் வேண்டும். கிராஸ் கன்ட்ரிக்குக் கொடிக் கம்பும் சுண்ணாம்புப் பொடியும் முதலுதவி வண்டியும் போதும். காரக்கோணம், குன்னத்துகால் பக்கத்து ரப்பர் தோட்டச் சரிவுகளும் வயல் வரப்புகளும் கல்லூரி மைதானங்களும் இயற்கையே போட்டுவைத்த தடங்கள். மழை இடைஞ்சல் என்பார்கள். வடகிழக்குப் பருவமழை தணியும் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வெயில் ஏறுவதற்கு முன் ஓடி முடித்துவிடலாம். வருகைப் பதிவும் செமஸ்டர் தேர்வும் தடை என்பது நியாயமான கவலை. அதற்குத்தான் சனிக்கிழமை இருக்கிறது. தேர்வு அட்டவணை முன்கூட்டியே தெரிந்த ஒன்று, அதைப் பார்த்துப் போட்டி நாளை வைப்பது கடினமல்ல.

பெண்களின் உடல் தாங்காது என்ற பேச்சு இன்னும் அடங்கவில்லை. இந்தப் பேச்சால்தான் 1928-க்குப் பிறகு 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் கூட இல்லாமல் போனது. பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் வந்தது. 2017-இல் கம்பாலாவில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரிப் போட்டியிலிருந்து சீனியர் பிரிவில் ஆண், பெண் இருவருக்கும் 10 கிலோமீட்டர்தான். உண்மையான ஆபத்து ரத்தசோகை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. தமிழ்நாட்டில் பாதிக்கு மேல், கேரளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நான்கு போட்டிகள் கொண்ட பருவம் இருந்தால் தொடக்கத்திலேயே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து, சத்தான உணவுக்கு ஏற்பாடு செய்து, பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டலாம். ஒரு நாள் போட்டிக்கு அவசரமாகத் திரட்டப்படும் பெண்ணைத்தான் அந்த ஆபத்து எளிதில் தாக்கும்.

ஓட வரும் பெண்களே குறைவு என்பது கடைசி ஆட்சேபம். ஒரு காலைக்காக யார் ஓராண்டு விடியலில் எழுந்து ஓடுவார்கள்? போட்டிகள் இருந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்த பிறகு போட்டி வைக்கலாம் என்று காத்திருந்தால் இரண்டுமே நடக்காது.

ஆகவே கேரளப் பல்கலைக்கழகமும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் வரும் கல்வியாண்டிலேயே மாணவியருக்குக் குறைந்தது நான்கு கிராஸ் கன்ட்ரிப் போட்டிகளைக் கொண்ட பருவத்தை அறிவிக்க வேண்டும். அவற்றில் இரண்டையாவது எல்லையின் இருபுறக் கல்லூரிகளும் கலந்துகொள்ளும் அழைப்புப் போட்டியாக நடத்த வேண்டும். பல்கலைக்கழக அணித் தேர்வு அவரவர் விதிப்படி நடக்க அது குறுக்கே நிற்காது. தேர்வுக்கும் ஒரு நாள் முடிவை விட்டு, பருவம் முழுவதன் முடிவுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். இரு மாநில விளையாட்டுத் துறைகளும் பயணச் செலவை ஏற்க வேண்டும். தங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு எத்தனை மாணவியர், எத்தனை முறை ஓடினார்கள் என்று பெற்றோரும் முன்னாள் மாணவியரும் கல்லூரி முதல்வரிடம் கேட்க வேண்டும் என்று வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரக்கோணம்