கால்பந்துக் குழு யாருக்கு உரியது?

பொருள் கொடுத்து வாங்கியதை வாங்கியவர் விரும்பியவாறு ஆளலாம் என்பது வாணிக நீதி. அந்நீதி கால்பந்துக் குழுவுக்கு முற்றும் பொருந்தாதென்பதே நம் துணிபு.

கல்கத்தாவின் மோகன் பகான் கழகம் 1889-இல் தோன்றியது. 1911-இல் அதன் ஆட்டக்காரர் பெரும்பாலும் வெறுங்காலராய் ஆடி, ஆங்கிலேயப் படைக்குழுவை வென்று, ஐ.எப்.ஏ. கேடயம் பெற்றனர். 2020-இல் அதன் கால்பந்துப் பிரிவில் பெரும்பங்கை வாங்கிய நிறுவனம், தன் பழைய குழுவின் ஏ.டி.கே. என்னும் பெயரை அப்பழம்பெயரின் முன் ஒட்டிற்று. அன்பர்கள் அதனை நீக்குமாறு ஓயாது முறையிட்டனர். 2023-இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற அன்றே, அவ்வொட்டு நீங்குமென உரிமையாளர் அறிவித்தார். எனினும், அவர்தம் கிரிக்கெட்டுக் குழுவின் பெயரிலுள்ள 'சூப்பர் ஜயண்ட்' என்பதே பின்னர் வந்தொட்டியது! கோப்பை தந்தவர்க்கும் கழகத்தின் பெயரினும் தம் விளம்பரமே முந்தியது.

ஜெர்மனியிலோ, சில விலக்குகள் ஒழிய, வாக்குரிமையிற் பாதிக்கு மேல் கழக உறுப்பினரிடமே இருத்தல் வேண்டுமென்பது விதி. அங்கும் செல்வர் பொருளிடுகின்றனர். ஆயினும் தனித்து ஆள்வதில்லை.

கரையான்சாவடியினின்று பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே நேரு விளையாட்டரங்கம் செல்லும் நாம் சீட்டு வாங்குவோர் மட்டுமல்லேம். தோல்வியிலும் குழுவைக் கைவிடாதோம். முதலாளி பங்கை விற்று நீங்கலாம். நாம் எங்கே நீங்குவது? ஆதலின் பெயர், நிறம், ஊர் ஆகிய மூன்றையும் அன்பரைக் கேளாது மாற்றலாகாதென்னும் விதி நம் நாட்டிலும் வேண்டும். பணம் குழுவை நடத்தட்டும்; அதன் பெயரைக் காக்கும் உரிமை நமக்கிருக்கட்டும்.