பாலைவன ஊரில் நிம்மதி யாருக்கு?

ஐம்பது வயதைத் தாண்டிய தம்பதியர் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் கூடினால், இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் வந்து விடுகிறது. 'போதும்ப்பா இந்த நகர வாழ்க்கை! எங்கேயாவது சின்ன ஊரா பார்த்து, ஓட்டமில்லாம, நிம்மதியா இருக்கணும்' என்று. சொல்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவராகத்தான் இருப்பார். பக்கத்தில் நிற்கும் மனைவி சிரித்துக் கொண்டே தலையாட்டுவாள். அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நாங்கள் அப்படிக் கிளம்பி வந்தவர்கள்தான். சென்னையில் 22 வருஷம் குடித்தனம். என்னவருக்கு காற்றாலை கம்பெனியில் வேலை. நம்ம ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நிற்கிற மாதிரியே, ராஜஸ்தானில் ஜெய்சால்மரைச் சுற்றியும் காற்றாடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 'அங்கே மாற்றல் கேட்கிறேன். டிராபிக் இல்லை, சத்தம் இல்லை, பிரஷர் மாத்திரை பாதியாகி விடும்' என்றார். பெண் கல்யாணமாகிப் போய் விட்டாள். பையனும் வேலைக்குப் போய் விட்டான். சரி என்று வந்தோம். ஆறு வருஷம் ஓடி விட்டது.

இந்த ஊரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல ஊர். நல்ல ஜனங்கள். கேரளா மாநிலம் எவ்வளவு பெரிதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பெரிய மாவட்டம் இது. ஆனால் 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 17 பேர்தான். நம் தமிழ்நாட்டில் அது 555. கோடையில் ராத்திரி மொட்டை மாடியில் கட்டில் போட்டுப் படுத்தால், வானம் முழுக்க நட்சத்திரம். கடைக்காரர் முதல் பால்காரர் வரை பேர் சொல்லி விசாரிக்கிறார்கள். என்னவருக்கு பிரஷர் குறைந்தது உண்மை. சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் இருக்கிறார். கம்பு ரொட்டியும் நெய்யும் சாப்பிட்டு, ஒன்பதரைக்குத் தூங்குகிறார்.

என் கேள்வி வேறு. அவருக்கு வாழ்க்கை மெதுவாகி விட்டது. எனக்கு ஆனதா?

இங்கே வருஷத்துக்கு சுமார் 20 செ.மீ. மழைதான். சென்னையில் 140 செ.மீ. பெய்தும் நாம் குடத்தோடு நின்றிருக்கிறோம், நினைத்துப் பாருங்கள். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேருகிற ஹரிகே அணையிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாய்தான் இந்த வறண்ட பக்கத்துக்கே உயிர். 1958ல் வேலை தொடங்கி, 1980களின் கடைசியில்தான் இந்த மாவட்டத்தின் கோடி வரைக்கும் தண்ணீர் வந்து சேர்ந்தது. அதையும் வருஷா வருஷம் கோடை நெருங்கும் சமயத்தில் ரிப்பேருக்காக மூடுவார்கள். 'நஹர் பந்தி' என்று பேர். ஒரு மாசம், சில வருஷம் அதற்கு மேலும் போகும். சாதாரண நாளிலேயே எங்கள் தெருக் குழாயில் இரண்டு, மூன்று நாளைக்கு ஒரு முறைதான் வரும். அதுவும் விடிகாலையில். பந்தி சமயத்தில் டிராக்டர் டேங்கர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக் கொண்டு இருக்க வேண்டும்.

தண்ணீராவது வரும், போகும். மணல் எப்போதும் உண்டு. மே, ஜூன் மாசத்தில் புழுதிக் காற்று அடிக்கும். ஜன்னலை இறுக்கி மூடினாலும் பாத்திர அலமாரிக்குள், அரிசி டப்பா மூடியில், தலையணை உறையில் எல்லாம் மணல். காலையில் கூட்டினால் மத்தியானம் மறுபடி. வெயிலைக் கேட்கவே வேண்டாம். இங்கிருந்து ஜோத்பூர் போகும் வழியில் உள்ள பலோதியில், 2016 மே 19ம் தேதி 51 டிகிரி செல்சியஸ் அடித்தது. கோடையில் ஆட்டிய இட்லி மாவு நாலு மணி நேரத்தில் புளித்து வழியும். ஜனவரிக் குளிரில் கம்பளி போர்த்தி வைத்தாலும் பொங்காது.

ஆக, வேகத்தைக் குறைக்கத்தான் வந்தோம். ஆனால், குறைந்த வேகமெல்லாம் வீட்டுக்கு வெளியே. கூடின வேலையெல்லாம் வீட்டுக்கு உள்ளே.

'இந்த ஊர்ப் பெண்கள் இருக்கவில்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களிடம்தான் நான் கற்றுக் கொண்டேன். பக்கத்து வீட்டு மாஜிக்கு எழுபது வயசுக்கு மேல். அந்தக் காலத்தில் ஊருக்கே தண்ணீர் கொடுத்தது, 14ம் நூற்றாண்டில் வெட்டிய கடிசர் ஏரிதான். அவர் அம்மாவும் அத்தைமார்களும் அங்கே போய் குடத்தில் சுமந்து வந்ததைக் கதை கதையாகச் சொல்வார். பாத்திரத்தை முதலில் காய்ந்த மணலால் தேய்ப்பார்; அப்புறம்தான் ஒரு சொம்பு தண்ணீர். அரிசி கழுவிய நீர் செடிக்கு, துணி அலசிய நீர் முற்றத்துக்கு. கிராமங்களில் 'டாங்கா' என்று பூமிக்கடியில் தொட்டி கட்டி, பெய்கிற கொஞ்ச மழையையும் சரிவாக ஓட விட்டுச் சேர்த்து வைப்பார்கள். காய்கறி கிடைக்காத நாளைக்கு கேர், சாங்ரி என்று காய வைத்த வற்றல் இருக்கும். சாங்ரி என்பது வேறொன்றும் இல்லை. நம்ம விருத்தாசலம் கோவிலில் தல விருட்சமாகக் கும்பிடுகிறோமே, அந்த வன்னி மரத்தின் காய்!

இவர்கள் நிதானமாக இருப்பதைப் பார்த்து, வெளியூர்க்காரர்கள் 'ஆஹா, என்ன அமைதி' என்று போட்டோ எடுத்துக் கொண்டு போகிறார்கள். அந்த நிதானம் ஓய்வினால் வந்ததில்லை, சகோதரிகளே. ஒவ்வொரு சொம்புத் தண்ணீருக்கும் கணக்கு வைத்து வைத்து வந்த நிதானம். 2011 கணக்குப்படி இந்த மாவட்டத்தில் ஏழு வயசுக்கு மேற்பட்ட 100 பெண்களில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 40 பேர்தான். கிராமத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பெண் குழந்தை இடுப்பில் குடத்தோடு நடப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன். அந்தக் குழந்தையிடம் போய், 'உன் ஊரில் வாழ்க்கை எவ்வளவு அழகா மெதுவா போகுது' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று. அமைதியைத் தேடி வருகிறவர்கள், நகரத்துப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக் கொண்டு வந்தால் ஊர் தாங்காது. இங்கே உள்ள கோட்டையே சாட்சி. 1156ல் ராவல் ஜெய்சல் அமைத்த கோட்டை. உள்ளே இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. வீட்டுக்கு நாலு குடம் தண்ணீர் செலவான காலத்தில் கட்டியது அது. குழாய் வந்து, பல வீடுகள் ஓட்டல்களாக மாறி, குளியலறையும் கழிப்பறையும் பெருகின. கசிந்த தண்ணீர் அடிவாரத்து மண்ணை ஊற வைத்து, சில கொத்தளங்களும் சுவர்களும் சரிந்தே போயின. 1996ல் உலக நினைவுச் சின்னங்கள் நிதியம், ஆபத்தில் உள்ள சின்னங்கள் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2013ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்ற பெருமையும் கிடைத்தது. 800 வருஷம் எதிரிகளுக்கு ஈடுகொடுத்து நின்றதை, நம் ஷவர் குளியல் அசைத்துப் பார்த்து விட்டது!

தூரத்தையும் சொல்லியாக வேண்டும். பெரிய வைத்தியம் என்றால் ஜோத்பூருக்குத்தான் ஓட வேண்டும். சுமார் 280 கி.மீ. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மே மாசம், திருநெல்வேலியில் என் அப்பா போய் விட்டார். காலையில் போன் வந்தது. காரில் ஜோத்பூர் போய், அங்கிருந்து விமானம் மாறி மாறி, நான் வாசலில் கால் வைத்தபோது மறுநாள் மத்தியானம். அதற்குள் எடுத்து விட்டார்கள். யார் மேலும் தப்பில்லை. பெரியவர்கள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? ஆனாலும் அப்பா முகத்தைப் பார்க்காத அந்தக் குறை, இங்கே எத்தனை நட்சத்திரத்தை எண்ணினாலும் தீராது. 'நிம்மதியான ஊர்' என்று முடிவு செய்யும்போது, இந்த விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்படியென்றால் ஏன் இன்னும் இருக்கிறாய் என்று கேட்கலாம். இரண்டாவது கோடையில் ஒரு காரியம் செய்தேன். சண்டை போடவில்லை, அழவில்லை. பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே, தினம் தண்ணீர் பிடித்த நேரம், மணல் கூட்டின நேரம், டேங்கருக்குக் காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு மாசம் ஆனதும் அவர் கையில் கொடுத்தேன். படித்து விட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அடுத்த தண்ணீர் நாளில் நாலரை மணிக்கு அலாரம் வைத்து அவர் எழுந்து போனார். இன்று வரைக்கும் தண்ணீர் அவர் பொறுப்பு. சாயங்காலம் கூட்டுவதும் அவர்தான். 'மாப்பிள்ளை துடைப்பம் பிடிக்கிறாரா?' என்று ஊரிலிருந்து வந்த என் சித்தி வாயைப் பிளந்தார். அதற்கப்புறம்தான் எனக்கும் சாயங்காலம் என்று ஒன்று கிடைத்தது. மாஜியோடு உட்கார்ந்து பேசவும், இந்தி படிக்கவும் நேரம் வந்தது. பாலைவனம் கொடுக்காத நிம்மதியை, பாதி வேலை கொடுத்தது.

அதனால், பாலைவனமோ மலையோ, சின்ன ஊருக்குக் குடிபோக நினைக்கும் சகோதரிகளே... தலையாட்டும் முன் நாலு விஷயம் கேட்டு விடுங்கள். ஊரைப் பார்க்க ஜனவரியில் போகாதீர்கள். ஜனவரியில் எல்லா ஊரும் சொர்க்கம்தான். மே மாசத்தில் போய் பதினைந்து நாள் சமைத்து, துவைத்துப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மாசம் வராது என்று தெரு முனையில் உள்ள பெண்களிடம் கேளுங்கள். வீட்டுத் தரகர் சொல்ல மாட்டார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எத்தனை கிலோமீட்டர், பெற்றவர்களுக்கு ஒன்று என்றால் எத்தனை மணி நேரம் என்று பேப்பரில் எழுதிப் பாருங்கள். கடைசியாக, முக்கியமாக, 'அங்கே போனதும் நீங்கள் எந்த வேலையைச் செய்வீர்கள்?' என்று உங்களவரிடம் கேளுங்கள்.

அதற்கு அவர் பளிச்சென்று பதில் சொன்னால், தைரியமாக மூட்டையைக் கட்டுங்கள். 'அதெல்லாம் போய்ப் பார்த்துக்கலாம்' என்றால், இருக்கிற ஊரிலேயே முதலில் துடைப்பத்தைக் கொடுத்துப் பழக்குங்கள். ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தருக்கு மட்டும் கிடைப்பதற்குப் பேர் நிம்மதி இல்லை.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– ஒரு வாசகி, ஜெய்சால்மர்.