பார்லிக்கு ஒரு சிட்டிகை நொதி

பார்லிக் கஞ்சி ஆறினால் கொழகொழவென்று ஆகிவிடும் அல்லவா, அந்தக் கொழகொழப்புதான் கறிக்கோழிக் குஞ்சுக்கு எமன். பீட்டா குளூக்கன் என்ற நார்ப்பொருள் குடலுக்குள் பசையாகி, மாவுச்சத்தையும் கொழுப்பையும் செரிமானச் சாறுகளுக்கு எட்டவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதை உடைக்கும் நொதி குஞ்சின் உடம்பில் சுரப்பதில்லை. எடை ஏறாது, எச்சம் ஒட்டும், கூளம் நசநசக்கும், பாதம் புண்ணாகும். வளர்ந்த கோழி ஓரளவு சமாளித்துக்கொள்ளும்; ஆறே வாரத்தில் சந்தைக்குப் போகிற பறவைக்கு வளர்ந்து சமாளிக்க ஏது நேரம்? தீவனத்தில் நொதி கலந்தால் பார்லி தேறும் என்று 1957-லேயே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அது வணிகத் தீவனமாகக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1980-களில் அதற்கு வழிகாட்டியது, மக்காச்சோளம் விளையாத குளிர்நாடான பின்லாந்து. ஒரு டன் தீவனத்துக்கு ஒரு கிலோவோ அதற்கும் குறைவோ போதும். நொதி என்றதும் ஹார்மோன் ஊசியோ என்று மிரள்பவர்கள் உண்டு (கோழியைப் பற்றிய வதந்திக்கா பஞ்சம்!). பூஞ்சையிலோ பாக்டீரியாவிலோ வளர்த்தெடுக்கும் புரதம் அது, வேலை முடிந்ததும் தானும் செரித்துவிடும். என் சந்தேகமெல்லாம் அதை மந்திரப்பொடியாக விற்கும் பேச்சின்மேல்தான். உமியை அது ஒன்றும் செய்யாது. குருணைத் தீவனம் தயாரிக்கும் சூடு மிஞ்சினால் நொதியே செத்துவிடும். பார்லி மக்காச்சோளத்தைவிட மலிவாகக் கிடைக்கும் ஊரில் மட்டுமே இந்தக் கணக்கு கட்டுபடியாகும்.