உன்னிச்சையின் பிள்ளைகள் எந்த மலரில் இருக்கிறார்கள்?

பாடசாலை மலர் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது ஒரே அமைப்புத்தான். அட்டையில் பாடசாலைக் கட்டடமும் இலச்சினையும் இருக்கும். உள்ளே அமைச்சர், ஆளுநர், மாகாணக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், கோட்டக் கல்விப் பணிப்பாளர், அதிபர் என்று வாழ்த்துச் செய்திகள் பக்கம் பக்கமாக நீளும். அதன் பின்னர் கட்டுரைகள், கவிதைகள், மன்ற அறிக்கைகள். விளம்பரப் பக்கங்களை நெருங்கும் இடத்தில்தான் பிள்ளைகளைக் காணலாம். அங்கும் ஒரு வகுப்புக்கு ஒரு படம். படத்தின் கீழே ‘தரம் 11 மாணவர்கள் வகுப்பாசிரியருடன்’ என்ற ஒரு வரி. பெயர்கள் இராது.

நகரத்துப் பெரிய கல்லூரிக்கு இது ஒரு வடிவமைப்புக் குறை மட்டுமே. ஆனால் உன்னிச்சை போன்ற ஓர் எல்லைப்புறத்தில், யார் இந்த மண்ணில் படித்தார்கள் என்பதே அழிந்துபோகக்கூடிய செய்தி. அங்கே ஒரு மலரை எப்படி வடிவமைக்கிறோம் என்பதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

வாவியின் இரு கரைகள்

மட்டக்களப்பு மெதடிஸ்ட் மத்திய கல்லூரியின் தொடக்கம் 1814. புனித மிக்கேல் கல்லூரி 1873. கல்லடி உப்போடை சிவானந்தா வித்தியாலயம் 1929. எழுவான்கரையின் இந்தப் பாடசாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. கொழும்பிலும் இலண்டனிலும் கிளைகள் உண்டு. நூற்றாண்டுக்கு ஒரு மலர், ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் என்று அவற்றின் கதை அச்சில் கிடக்கிறது. தன் பாட்டனார் எந்த உதைபந்தாட்ட அணியில் ஆடினார் என்று தேடும் பேரனுக்குப் புரட்டிப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது.

வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு தாண்டி, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக்குப் போனால் நிலைமை வேறு. குளத்து நீரில் வேளாண்மை, இரவில் யானைக் காவல், மார்கழி மழையில் வான்கதவு திறந்தால் வெள்ளம் பாயும் வீதி. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியே மட்டக்களப்பு நகருக்குப் போகிறது. அந்தக் குளத்தின் காலடியில் வாழும் மக்களோ குடிநீருக்காகக் காத்திருந்தார்கள், கோரிக்கை வைத்தார்கள். நினைவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மாவட்டத்தின் கல்வி வரலாறு எழுதப்படும்போது நகரத்துப் பாடசாலைகளின் பெயர்கள் வரிசையாக வரும். படுவான்கரைக்கு ‘பின்தங்கிய பிரதேசம்’ என்ற இரண்டு சொற்கள் மிஞ்சும்.

இதற்கு நடைமுறைக் காரணங்களும் உண்டு. ஆசிரியர்களில் பலர் எழுவான்கரையிலிருந்து வந்து போகிறவர்கள். சில ஆண்டுச் சேவை முடிந்ததும் இடமாற்றம். அதிபர் மாறுவார், அலுமாரி மாறும், பழைய படங்கள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியாது. ஊரின் நினைவைத் தாங்கும் ஆசிரியப் பரம்பரை ஒன்று அங்கே நிலைபெறுவதற்கு முன்னரே போர் வந்துவிட்டது.

படம் எடுக்கப் பயந்த காலம்

போர்க்காலத்தில் வவுணதீவு ஒரு சோதனைச் சாவடியின் பெயர். அதற்கு அப்பால் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி, இப்பால் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதி. 2007 மார்ச் மாதத்தில் படுவான்கரை மீதான இராணுவ நடவடிக்கையின்போது மாவட்டத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்து நின்றார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களால் படக் கட்டமைப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. வீட்டில் இருந்த படங்கள் கூரையோடு போயின. இருந்தவற்றைக்கூடச் சிலர் தாமே எரித்தார்கள், புதைத்தார்கள். ஒரு படத்தில் பக்கத்தில் நிற்பவர் பின்னாளில் யாராக ஆனார் என்பதற்காக விசாரிக்கப்பட்ட காலம் அது.

வகுப்பறைகளிலிருந்து பிள்ளைகள் காணாமற்போன விதங்களும் பல. மட்டக்களப்பில் சிறுவர்கள் படையில் சேர்க்கப்பட்டது பற்றி யுனிசெப்பும் மனித உரிமைகள் கண்காணிப்பகமும் ஆவணப்படுத்தியுள்ளன. முதலில் புலிகள் தரப்பில், 2004 பிளவுக்குப் பின்னர் கருணா தரப்பிலும். வெள்ளை வானில் போனவர்கள், எறிகணையில் போனவர்கள், குடும்பத்தோடு எங்கோ போனவர்கள் என்று அந்தக் கணக்கு நீளும். 1990இல் படுவான்கரையிலிருந்து வெளியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த வாங்குகளில் இருந்தவர்கள்தாம். இதை நேர்மையாகச் சொல்லாத நினைவு அரைகுறை நினைவுதான். ஆனால் வரவு இடாப்பு இவை எதையும் கேட்பதில்லை. வந்தாரா, வரவில்லையா என்பது மட்டுமே அதன் கேள்வி.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்களில் தாய்மார் நெஞ்சோடு அணைத்து நிற்கும் படங்களைப் பாருங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படம், எங்கோ ஒரு கூட்டப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகம். ஒரே ஒரு படம்தான் இருந்தது என்பதால் அது மங்கலாக இருக்கிறது. ஒரு பாடசாலை ஆண்டுதோறும் ஒவ்வொரு பிள்ளையையும் தெளிவாகப் படமெடுத்து, பெயருடன் அச்சிட்டு, முந்நூறு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஒரு வீடு எரிந்தாலும் அந்த முகம் தப்பியிருக்கும். மலரின் மிகப் பெரிய பயன் இதுதான். பிரதிகள் பல கைகளில் இருப்பதே பாதுகாப்பு. 97,000 நூல்களை 1981இல் ஒரே கட்டடத்தில் பறிகொடுத்த எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முட்கம்பிக்குள் ஒரு மலர்

முகாம் வாழ்வுக்குள்ளும் மாணவர்கள் மலர் வெளியிட்ட வரலாறு உலகில் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஏறத்தாழ 120,000 யப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவற்றுள் ஒன்று கலிபோர்னியாவின் மன்சனார். 10,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்த அந்த முகாமின் உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் 1944இல் ‘எமது உலகம்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் ஆண்டு மலரை வெளியிட்டார்கள். முகாமின் படப்பிடிப்பாளர் டோயோ மியாடாகே. கமரா தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் ஒரு வில்லையை மறைத்துக் கொண்டுவந்து, மரப்பெட்டியில் கமரா செய்தவர் அவர்.

அந்த மலரில் வகுப்புகளும் விளையாட்டும் மாணவர் வாழ்வும் இருந்தன. முகாமில் அடைபட்டிருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1988இல் அமெரிக்கா மன்னிப்புக் கோரி, உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது. மலர் அதற்குக் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் நீதிக்கான நாள் வரும்போது பெயரும் முகமும் கையில் இருந்தன. மெனிக் பாம் முகாமுக்குள் இருந்து 2009 ஓகஸ்ட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய எமது பிள்ளைகளின் வகுப்புப் படங்கள் யாரிடம் இருக்கின்றன?

அச்சத்தை எப்படிக் கடப்பது

ஓர் அதிபர் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 2018 நவம்பர் இறுதியில் வவுணதீவில் இரண்டு பொலிசார் கொல்லப்பட்டபோது முன்னாள் போராளி ஒருவர் கைதானார். உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரே அது சஹ்ரான் குழுவின் வேலை எனத் தெரியவந்து, அவர் விடுவிக்கப்பட்டார். 2021 மே மாதம் மட்டக்களப்புக் கடற்கரையில் நினைவேந்திய பத்துப் பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். இந்தச் சூழலில் ‘எம்மை விட்டுப் பிரிந்த மாணவர்கள்’ என்று ஒரு பக்கம் போட எந்த அதிபர் துணிவார்?

இதற்கு வடிவமைப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. பரீட்சைக்குத் தோற்றியவர்களின் பட்டியலைப் போடாமல், முதலாம் தரத்தில் சேர்ந்தவர்களின் பட்டியலைப் போடுங்கள். ‘1992இல் எமது பாடசாலையில் சேர்ந்தோர்’, ‘2007இல் சேர்ந்தோர்’ என்று ஆண்டு வாரியாக. ஆதாரம் பாடசாலையின் சேர்வு இடாப்பு. அது அரசாங்கத்தின் ஆவணம். அடைமொழி வேண்டாம், விளக்கம் வேண்டாம். போரில் போனவர், காணாமற்போனவர், வறுமையால் இடைவிலகியவர், இளவயதில் மணம் முடித்துப் போனவர், 1990இல் வெளியேறியவர், இன்று அதே ஊரில் வயல் செய்பவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். யார் இல்லை என்பது ஊருக்குத் தெரியும். பட்டியலை அச்சிடுமுன் குடும்பங்களிடம் கேட்பது கட்டாயம். வேண்டாம் என்று சொல்லும் வீட்டின் முடிவை மதிக்க வேண்டும்.

கையில் இருக்கும் காசுக்குள்

செலவு என்ற தடையைப் பார்ப்போம். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. கடன்காரருக்குத் தவணைப் பணம் கட்டும் தாயிடம் மலருக்கென்று காசு கேட்க முடியாது. ஆகவே பளபளப்புத் தாள், தடித்த அட்டை, முழு வண்ணம் என்ற ஆசைகளை விட்டுவிடலாம். சாதாரண 80 கிராம் தாளில், கறுப்பு வெள்ளையில், 32 அல்லது 48 பக்கம் போதும். பக்கங்கள் 16இன் மடங்காக இருந்தால் பொதுவாக அச்சகத்தில் தாள் வீணாகாது. சில நூறு பிரதிகளுக்கு ஓப்செட்டா டிஜிட்டலா மலிவு என்று இரண்டு விலையும் கேட்டுப் பாருங்கள்.

படத்துக்குக் கைபேசி போதும். உச்சி வெயிலைத் தவிர்த்து, காலையில் மரநிழலில், ஒரே தூரத்தில், ஒரே பின்னணியில் எடுக்க வேண்டும். வெள்ளைச் சீருடையோடு வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தினால் கமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், எமது பிள்ளைகளின் முகம் இருண்டுபோகும். பின்னால் ஒரு கடும் நிறத் துணியைக் கட்டி, திரையில் முகத்தின் மீது விரலால் தொட்டு எடுங்கள். கூட்டப் படத்தில் எத்தனையாவது வரிசையில் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். ஒரு மாதம் போனால் ஆசிரியருக்கே மறந்துவிடும்.

பெயர்களைப் புள்ளி வரிசையிலோ பதவி வரிசையிலோ போடாமல் அகர வரிசையில் போடுங்கள். ஒன்பது பாடங்களில் சித்தி பெற்றவருக்கும் பெயரெழுதத் தடுமாறுபவருக்கும் ஒரே அளவுப் படம். அச்சுப் பிழை பார்க்கும் படியைப் பெற்றோர் கூட்டத்தில் சுற்றுக்கு விடுங்கள். தன் பிள்ளையின் பெயரைத் தாயைவிட நன்றாகத் திருத்தக்கூடியவர் இல்லை.

தட்டச்சில் ஓர் எச்சரிக்கை. எமது அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துக்களாகவே அது பதிவாகிறது. நாளை கணினியில் பெயரைத் தேடினால் கிடைக்காது. மூலப் பிரதியை ஒருங்குறியில் வைத்திருங்கள். அச்சான பின்னர் ஒரு பிரதியை 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டத்துக்கும், ஒன்றைப் பொது நூலகத்துக்கும் கொடுங்கள்.

ஆனால் இன்று படிக்கும் பிள்ளைகளின் படங்களை இணையத்தில் போடுவது வேறு விடயம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. எழுத்து மூலச் சம்மதம் வாங்குங்கள். முகவரி, தொலைபேசி இலக்கம் வேண்டாம். எண்ணிமப் பிரதியைச் சில ஆண்டுகள் மூடி வைக்கும்படி கேட்கலாம்.

புலம்பெயர் உறவுகளுக்கு

பாடசாலைக்கு உதவி என்றதும் கட்டடம், தளபாடம், திறன் வகுப்பறை என்று பெயர்ப்பலகை வைக்கக்கூடிய ஒன்றையே பலரும் தேடுகிறார்கள். அவை தேவைதான். ஒரு சிறிய பாடசாலையின் மலர்ச் செலவு அவற்றோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு. அதைப் பொறுப்பேற்பவர்கள் ஒரு நிபந்தனை மட்டும் வைக்கலாம். உங்கள் படம் வேண்டாம், வாழ்த்துச் செய்திகள் எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது, ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் முகமும் முதற்பக்கங்களில் வர வேண்டும்.

2009இல் பிறந்தவர்கள் இப்போது சாதாரண தரத்தைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். போரைக் காணாத பிள்ளைகள் அவர்கள். அவர்களின் தாய் தந்தையர் அதே கிராமங்களில், அதே வெள்ளைச் சீருடையில் ஓடியவர்கள். இரு தலைமுறையையும் ஒரே புத்தகத்தில் வைக்க இது நல்ல தருணம். இடாப்புக்களைக் கறையான் அரித்து முடிக்குமுன், பழைய ஆசிரியர்கள் உயிரோடு இருக்கும்போதே, அடுத்த தவணையிலேயே யாராவது ஒருவர் அந்த அலுமாரியைத் திறக்க வேண்டும்.