பழையதா, புதியதா?

பொன்முடித் தேயிலைத் தோட்டத்து அன்பர் ஒருவர் நம்மை வினவுகின்றார்: “கித்தார் பயிலும் என் மகன், பழைய ‘டியூப் ஸ்கிரீமர்’ பெடல் ஒன்றைக் கடன்பட்டேனும் வாங்க வேண்டுமென்கின்றான். புதியது போதாதா?”

நியாயமான வினாவே. மின்கித்தாரின் ஒலியைச் சற்றே கரகரப்பாக்கித் தடிக்கச் செய்யும் கருவி இது. ஜப்பானியர் சுசுமு தமுரா வடிவமைத்த இதனை ஐபனீஸ் நிறுவனம் 1979-இல் டி.எஸ். 808 என வெளியிட்டது, 1982-இல் டி.எஸ். 9 வந்தது. இரண்டின் உள்ளமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. ஒலி வெளியேறும் முனையிலுள்ள இரு மின்தடைகளின் அளவே முக்கியமாக மாறிற்று. முன்னது மென்மை, பின்னது கூர்மை என்பர். பழையன அருகியமையால் அவற்றின் விலை ஏறிற்று. ஆயினும் 2004-இல் 808 மறுபதிப்பாக வெளிவந்தது, டி.எஸ். 9-உம் புதிதாகக் கிடைக்கின்றது.

தம்பிக்கு நாம் கூறுவது இதுவே: பழையதையும் புதியதையும் ஒரே ஒலியளவில் வைத்து, நண்பரை மாற்றச் சொல்லி, கண்மூடிக் கேளும். உரத்து ஒலிப்பதே இனியதெனத் தோன்றும், ஏமாறற்க. வேற்றுமை தெரியாவிடில் புதியதே போதும். தெரியினும், அச்சிறு வேற்றுமைக்காகத் தந்தையின் கூலியை அடகு வைத்தல் தகாது.

தந்தையாருக்கும் ஒரு சொல்: கடனை மறுத்திடுக, மகனின் இசையை மறுத்துவிடாதீர்.